தைராய்டை எடுத்த பிறகு மாத்திரை: விடியற்காலையா, ராத்திரியா?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில் தைராக்சின் மாத்திரைக்கு நேரே ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கும்: காலையில், வெறும் வயிற்றில். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அந்த ஒரு வரிக்குள் எத்தனை கேள்வி இருக்கிறது என்று தெரியும். காப்பிக்கு முன்னால் எவ்வளவு நேரம் விட வேண்டும்? கால்சியம் மாத்திரையை எங்கே நுழைப்பது? ராத்திரி போட்டால் ஆகாதா? மெடிக்கலில் வேறு கம்பெனி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்களே, வாங்கலாமா? இப்போது தைராய்டு மாத்திரை சாப்பிடாத ஆள் இல்லாத சொந்தபந்தமே இல்லை. அதனால் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

அந்தப் பதில்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுரப்பி இருந்து, அது மந்தமாக வேலை செய்கிறவர்களுக்கு மாத்திரை என்பது கைத்தாங்கல். ரெண்டு நாள் விட்டாலும் உள்ளே கொஞ்சம் சுரந்துகொண்டிருக்கும். முழுக்க எடுத்துவிட்டவர்களுக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது. தேவைப்படுவது அத்தனையும் அந்தச் சின்ன மாத்திரையிலிருந்துதான் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தவர்கள் கதை வேறு. மிச்சமிருக்கிற பாதியே போதுமான அளவு சுரந்துவிடுவதால் அவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. ஆகவே யாராவது யோசனை சொன்னால் முதலில் கேளுங்கள்: உங்களுக்கு முழுசா எடுத்தாங்களா, பாதியா, எடுக்கவே இல்லையா?

மாத்திரை வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்தால் இந்தச் சின்ன டப்பாவின் அருமை தெரியும். தைராய்டு சம்பந்தமான வேலைக்காக 1909-ல் நோபல் பரிசு பெற்ற சுவிட்சர்லாந்து சர்ஜன் தியோடர் கோகர், முழுச் சுரப்பியையும் எடுத்தவர்கள் பிற்பாடு முகம் ஊதி, மந்தமாகி, சின்னப் பிள்ளைகளாக இருந்தால் வளர்ச்சியே நின்றுபோவதைக் கண்டு 1883-ல் அதை வெளிப்படையாக அறிவித்தார். அவர்களுக்குக் கொடுக்க அப்போது மருந்து இல்லை. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டு 46 வயதுப் பெண்மணி ஒருவரைத் தேற்றினார். அந்தம்மா அதற்கப்புறம் 28 வருஷம் உயிரோடு இருந்தார். இன்றைக்கு நமக்குச் சண்டை காப்பியோடுதான்.

நேரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மாத்திரையின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. லெவோதைராக்சின் (தைராக்சின் மாத்திரையில் இருக்கிற மருந்தின் முழுப் பெயர்) ரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். இதில் நல்லதும் இருக்கிறது, தொந்தரவும் இருக்கிறது. ஒரு நாள் மறந்தால் குடி முழுகிவிடாது. ஆனால் அளவையோ நேரத்தையோ மாற்றினால் பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். அதனால்தான் டாக்டர்கள் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்கச் சொல்கிறார்கள். அது மாத்திரை போதுமா என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை: போதவில்லை என்றால் எண் ஏறும், அதிகமானால் இறங்கும். பத்து நாள் காலையில், பத்து நாள் ராத்திரி என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு ரிப்போர்ட்டைப் பார்த்தால் அதில் எதுவும் தெரியாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதை ஆறு வாரம் விடாமல் பிடித்தாக வேண்டும்.

ஆரம்ப அளவு பெரும்பாலும் எடையை வைத்து முடிவாகும்: முழுக்க எடுத்தவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. அறுபது கிலோ இருப்பவருக்கு 96 வரும், 100 எழுதுவார்கள். வயதானவர்கள், இருதயத் தொந்தரவு உள்ளவர்கள் என்றால் குறைவாக ஆரம்பிப்பார்கள். அது டாக்டர் கணக்கு. நம் கையில் இருப்பது அந்த மாத்திரை வயிற்றில் ஒழுங்காகச் சேர்கிறதா என்பது. அதைக் கெடுப்பது பெரும்பாலும் கூடவே உள்ளே போகிற வேறு பொருள்கள்தான். விடியற்காலையா ராத்திரியா என்பதை அவற்றை வைத்து முடிவு செய்வதுதான் சரி என்பது என் கட்சி.

விடியற்காலை

புத்தகம் சொல்வது இது: எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் விழுங்கி, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருப்பது. அரை மணி நேரம் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு. முழுக்க எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

சொல்வது சுலபம். நம்ம பக்கம் விடியலுக்கு முன்னால் அடுப்பில் ஏறுவதே காப்பிதான். பண்ணயம் பார்க்கிற வீட்டில் அஞ்சு மணிக்கு வரக்காப்பி உள்ளே இறங்கினால்தான் மற்றதெல்லாம். கோபிப் பக்கம் இருக்கிற எங்கள் நங்கைக்கு, அதாவது அண்ணன் சம்சாரத்துக்கு, எனக்கு அடுத்து ஆபரேஷன் ஆனது. முதல் வாரமே போனில் சொன்னார்: "மாத்திரைய வேணும்னா ரெண்டாப் போட்டுக்கறேன் அம்மிணி. காப்பி குடிக்காம மாட்டுக்கிட்டப் போனா எனக்குக் கையே ஓடறதில்ல."

மாத்திரையை விழுங்கிய கையோடு காப்பி குடித்தால் உடம்பில் சேர்கிற அளவு குறைந்துவிடுகிறது. இது ஆய்வில் பார்த்து உறுதியான விஷயம். பால் காப்பி என்றால் பாலில் உள்ள கால்சியமும் அதன் பங்குக்குத் தடுக்கும். வரக்காப்பி என்றால் தோஷமில்லை என்று சிலர் சொல்வது தப்பு. தடுப்பதில் காப்பிக்கே பங்கு உண்டு. டீயையும் அதே கணக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நங்கை கடைசியில் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. காப்பியை விடவில்லை, இடத்தை மட்டும் மாற்றினார். எழுந்தவுடன் கட்டில் பக்கத்துச் சொம்பிலிருந்து தண்ணி ஊற்றி மாத்திரை. அப்புறம் கட்டுத்தரை கூட்டி, சாணி அள்ளி, மாட்டுக்குத் தீவனம் வைத்து, கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போய்ப் பாலை ஊற்றிவிட்டு வந்து காப்பி. முன்னாலெல்லாம் காப்பி முதலில், கறவை பின்னால். இப்போது கறவை முதலில். அந்த ஒரு மணி நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கழிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை, மாடுகளே பார்த்துக்கொள்கின்றன. எங்கள் அண்ணனுக்குத்தான் அஞ்சு மணிக் காப்பியைத் தானே போட்டுக் குடிக்கிற நிலைமை வந்தது. பரவாயில்லை, கற்றுக்கொள்ளட்டும்.

ரெண்டு வேலைக்கு நடுவில் தானாக விழுகிற இடைவெளி உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாசல் கூட்டிக் கோலம் போட்டு, தண்ணி பிடித்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி முடிக்கிற நேரமாக இருக்கலாம். டவுனில் இருப்பவர்களுக்கு நடைப்பயிற்சி. கொஞ்சம் வயதானவர்கள் நாலு மணி வாக்கில் ஒன்றுக்கு எழுந்திருப்பார்கள். அப்போதே மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டால் அஞ்சரைக் காப்பிக்குத் தடையே இல்லை. மும்முனைக் கரண்ட் ராத்திரி முறை வருகிற ஊர்களில் மோட்டார் போட எழுந்திருக்கிற ஆம்பளைகளுக்கும் இதே யோசனைதான். ஆனால் அவர்கள் எழுகிற நேரம் முறைக்கு முறை மாறும் என்பதால் நான் அதை நம்பமாட்டேன்.

ராத்திரி

காலையில் முடியவே முடியாது என்கிறவர்களுக்கு ராத்திரி ஒரு நேர்மையான மாற்று. கடைசியாகச் சாப்பிட்டு மூணு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடுவது. 2010-ல் நெதர்லாந்தில் இதை ஒழுங்காகச் சோதித்தார்கள். ஒரே ஆளுக்குக் கொஞ்ச காலம் காலையில் நிஜ மாத்திரை, கொஞ்ச காலம் ராத்திரியில் நிஜ மாத்திரை, மற்ற வேளைக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரை; எது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. ராத்திரி போட்ட காலத்தில் டிஎஸ்எச் இன்னும் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் ஆளுக்கு உடம்பில் தெம்பு கூடியதாகத் தெரியவில்லை. பிற்பாடு வந்த ஆய்வுகள் சிலவற்றில் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2014-ல் கொடுத்த வழிகாட்டுதலில் ரெண்டையுமே ஏற்கத்தக்கதாகச் சொல்லியிருக்கிறது. ஆக, ராத்திரி போடுகிறவர்களைப் பார்த்து "அதெல்லாம் கூடாது" என்று யாரும் அதட்ட வேண்டியதில்லை.

ஆனால் அந்த மூணு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் இடிக்கும். காட்டு வேலைக்குப் போகிற வீடுகளில் எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குள் விளக்கை அணைத்துவிடுவார்கள். டவுனில் பதினொரு மணி வரை விழித்திருப்பார்கள், ஆனால் சாப்பிடுவதே ஒன்பதரைக்குத்தான். ரெண்டு இடத்திலும் கணக்கு உதைக்கும். இதற்கு மேல் இன்னொன்று உண்டு. சீக்கிரம் சாப்பிடுகிற வீட்டிலும் பொம்பளைகள் சாப்பிடுவது எல்லாரும் எழுந்த பிறகு. மாமனாருக்கு, வீட்டுக்காரருக்கு, பிள்ளைகளுக்கு, வேலையாள் இருந்தால் அவருக்கு என்று போட்டு முடித்து, கடைசியில் தட்டை எடுக்கும்போது மணி ஒன்பது. அப்புறம் பாத்திரம் கழுவி வந்து டீவி முன்னால் உட்கார்ந்தால் கொஞ்சம் கடலை, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். ராத்திரி மாத்திரை சரிப்பட வேண்டுமென்றால் அந்த வீட்டில் மருமகளோ மாமியாரோ ஏழு மணிக்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதற்கப்புறம் வாயைக் கட்ட வேண்டும். ஏழு மணிக்குச் சாப்பிட வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிடலாம்தான். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவு லேசான காரியம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தனியாக இருப்பவர்கள், மகன் வீட்டு மாடியில் தனிச் சமையல் வைத்திருக்கிற பெரியவர்கள், சர்க்கரைக்காக ஏழு மணிக்கே ரெண்டு சப்பாத்தியோடு முடித்துக்கொள்கிறவர்கள் இவர்களுக்கு ராத்திரி தாராளமாகப் பொருந்தும். மறதிக்கும் ராத்திரி கொஞ்சம் வசதி. காலையில் இருக்கிற பரபரப்பு அப்போது இருக்காது.

ஷிப்ட் வேலைக்காரர்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு ராத்திரி சரிவராது. எட்டரைக்கு வேலை விட்டு, வீடு வந்து, சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பதற்கே நேரம் போதாது; காலைதான் அவர்களுக்கு. ஸ்பின்னிங் மில்லில் வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவர்கள்தான் உண்மையில் கஷ்டப்படுகிறார்கள். அவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம்: எப்போது நீளமாகத் தூங்கி எழுந்தாலும், எழுந்ததும் முதல் வேலை மாத்திரை. முழு நைட் முடித்து வந்து தூங்கி மத்தியானம் ஒரு மணிக்கு எழுந்தால் அப்போது. மருந்து ரத்தத்தில் மெதுவாகக் குறைகிற குணம் இங்கேதான் நமக்குக் கைகொடுக்கிறது. வாரத்துக்குள் சில மணி நேரம் முன்பின் ஆவதால் பெரிய சேதமில்லை. வயிறு காலியாக இருப்பதுதான் முக்கியம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களும் இப்படித்தான் செய்ய வேண்டும். ராத்திரி பூரா நடந்து பகலில் படுத்து எழுகிறவர்கள், எழுந்ததும் போட்டுக்கொண்டு அப்புறம் அன்னதானப் பந்தியில் உட்காரலாம்.

கால்சியம் இருக்கிறவரைக்கும் வேறு கணக்கு

இது முழுக்க எடுத்தவர்களுக்கே உரிய சிக்கல். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற மற்றவர்கள் யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள்.

தைராய்டின் முதுகுப்பக்கம் அரிசி மணி அளவில் பாராதைராய்டு என்று பெரும்பாலும் நாலு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அவற்றின் வேலை. ஆபரேஷனில் அவற்றைப் பத்திரமாக விட்டுவைத்தாலும், ரத்த ஓட்டம் கொஞ்சம் தடைப்பட்டுச் சில நாள், சில வாரம் மயங்கிக் கிடப்பது உண்டு. அப்போது உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும். ரொம்பக் குறைந்தால் கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். விரல் இழுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இதற்காகத்தான் கால்சியம் மாத்திரையும், கூடவே வைட்டமின் டி வகை ஒன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது நின்றுவிடும். கொஞ்சம் பேருக்குத் தொடரும்.

கால்சியத்துக்கும் தைராக்சினுக்கும் நடுவில் நாலு மணி நேரம் இருக்க வேண்டும். சேர்ந்து போனால் கால்சியம் தைராக்சினைப் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிப்போய்விடும். ஷெல்கால் மாதிரி கால்சியம் கார்பனேட் வகை, சோற்றோடு சாப்பிட்டால்தான் நன்றாகச் சேரும். இப்போது ரெண்டு வழியையும் வைத்துப் பாருங்கள். விடியற்காலை அஞ்சரைக்குத் தைராக்சின் போட்டவர் பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கால்சியம் போடலாம்: மூணு வேளை என்றால் பத்து மணிக்கு ஏதாவது பலகாரத்தோடு, மத்தியானச் சோற்றோடு, ராத்திரிச் சாப்பாட்டோடு. மோதலே இல்லை. ராத்திரித் தைராக்சின் என்றால் எட்டு மணிச் சாப்பாட்டோடு கால்சியம் போட்டவர் பன்னிரண்டு வரை விழித்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா?

அதனால் என் தீர்ப்பு இது. கால்சியம் ஓடிக்கொண்டிருக்கிற முதல் சில மாதம் காலைதான், காப்பியோடு எவ்வளவு மல்லுக்கட்டினாலும். கால்சியத்தை டாக்டர் நிறுத்திய பிறகு, காலை உங்களுக்கு ஒத்தே வரவில்லை என்றால் ராத்திரிக்கு மாறலாம். மாறுவதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் காலையிலேயே நின்றுவிட்டேன். எனக்கு விடியலில் காப்பியைவிடத் தூக்கம் பெரிது, அதனால் இழப்பு ஒன்றும் இல்லை.

ரத்த சோகைக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே நாலு மணி நேரம்தான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்துகளுக்கும் அதுவே. பான்டோபிரசோல் வகை மாத்திரை வேறு தினுசு. அது வயிற்றின் அமிலத்தையே குறைத்துவிடுவதால் இடைவெளி விட்டும் முழுப் பிரயோஜனம் இல்லை. அதைத் தினமும் சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராக்சின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். நீங்களாக மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கம்பும் முட்டைக்கோசும்

"கம்பஞ்சோறு ஆகாது, கோசு ஆகாது, காலிபிளவர் ஆகாது" என்று ஒரு பட்டியல் நம்ம ஊரில் சுற்றுகிறது. அவை சுரப்பி ஹார்மோன் செய்கிற வேலையைத் தடுக்கக்கூடும் என்பதால் வந்த பேச்சு அது. செய்கிற சுரப்பியையே எடுத்தாகிவிட்டது. அப்புறம் எதைத் தடுப்பது? முழுக்க எடுத்தவர்கள் கம்பஞ்சோறும் மோரும் தாராளமாகச் சாப்பிடலாம். நார்ச்சத்து அதிகம் உள்ள சாப்பாடு, சோயா இவையெல்லாம் மாத்திரை சேர்வதைக் குறைக்கும் என்பதால் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம், அவ்வளவுதான். அயோடின் உப்பை நிறுத்தவும் வேண்டாம்; வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, அது வேண்டும். புற்றுநோய்க்காகக் கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அதற்கு முன்னால் கொஞ்ச நாள் அயோடின் குறைத்த சாப்பாடு சொல்வார்கள், அது தனி.

வேர், கஷாயம், பொடி என்று தைராய்டுக்கு யோசனை சொல்கிறவர்களும் வருவார்கள். இருக்கிற சுரப்பியைத் தூண்டுவதாகச் சொல்லப்படுகிற எதுவும் இல்லாத சுரப்பியைத் தூண்டாது. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

எந்தக் கம்பெனி, எந்த அளவு

தைரோநார்ம், எல்ட்ராக்ஸின், தைராக்ஸ் என்று பல பேரில் கிடைத்தாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்து. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் ஆரம்பித்த முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். இதில் விலை உயர்ந்தது நல்லது என்று ஒன்றும் கிடையாது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி உடம்பில் சேர்கிற அளவு ஒரு நூலிழை வித்தியாசப்படலாம். கொஞ்சமாகச் சுரக்கிற சொந்தச் சுரப்பி இருப்பவருக்கு அது தெரியாமல் போய்விடும், நமக்குத் தெரிந்துவிடலாம். ஆக, எந்தக் கம்பெனி என்பதைவிட அதே கம்பெனி என்பது முக்கியம். "ஸ்டாக் இல்லீங்க, இதுவும் அதுவும் ஒண்ணுதானுங்க" என்று மெடிக்கலில் மாற்றிக் கொடுத்தால் கோபப்பட வேண்டாம், அவசரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். நிரந்தரமாக மாறுவதாக இருந்தால் ஆறு வாரம் கழித்து ஒரு டிஎஸ்எச். டப்பா தீருவதற்கு ரெண்டு வாரம் முன்னாலேயே அடுத்ததை வாங்கி வைத்தால் இந்தப் பேச்சே வராது.

112 மாதிரி இடைப்பட்ட அளவு எழுதினால் மூணு வழி உண்டு. ஒரே மாத்திரையாக 112 வாங்குவது, 100-ஐயும் 12.5-ஐயும் சேர்த்துப் போடுவது, வாரத்தில் சில நாள் 100, சில நாள் 125 என்று மாற்றிப் போடுவது. மூணும் வேலை செய்யும். ஆனால் மூணாவது வழிக்குத் தினசரிக் காலண்டரில் குறித்து வைக்கிற ஒழுங்கு வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என்றால் ஒரே மாத்திரைதான் சரி, அது உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் பக்கத்து டவுனில் சொல்லி வைத்தாவது.

வைக்கிற இடமும் ஒரு விஷயம். இந்த மாத்திரைக்கு வெயில், வெளிச்சம், ஈரம் மூணும் ஆகாது. கரூர், ஈரோட்டு வெயில் சித்திரையில் நாற்பதைத் தாண்டுகிற நாளில் அடுப்பு மேடையில், ஜன்னல் திட்டில், கார் டேஷ்போர்டில் டப்பாவை வைத்துவிட்டு மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொன்னால் அது மாத்திரையின் குற்றமில்லை. படுக்கையறை பீரோ நல்ல இடம்.

கூடவே டி3 வேண்டுமா

டிஎஸ்எச் சரியாக இருந்தும் சோர்வு போகவில்லை என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பொய் என்று தள்ளக் கூடாது. சுரப்பி ரெண்டு ஹார்மோன்களை, டி4 என்பதை (அதுதான் தைராக்சின்) அதிகமாகவும் டி3 என்பதைக் கொஞ்சமாகவும், சுரந்துகொண்டிருந்தது. மாத்திரை டி4 மட்டும். உடம்பு டி4-ஐத் தானே டி3 ஆக மாற்றிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு அது போதும். கூடவே டி3 சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் ஒரே மாதிரி வரவில்லை. டி3 சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்குகிற சரக்கு; படபடப்பு வரலாம், இருதயக்காரர்களுக்கு ஆகாது, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. பன்றித் தைராய்டைக் காய வைத்துச் செய்கிற மாத்திரை வெளிநாடுகளில் உண்டு. அதில் டி3 மனித உடம்பின் விகிதத்தைவிட ரொம்ப அதிகம். எனக்குக் கேட்டால், டி3 பக்கம் போவதற்கு முன்னால் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, தூக்கம் இதையெல்லாம் பார்த்து முடிக்க வேண்டும். அப்புறமும் சோர்வு என்றால் எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். ஆபரேஷன் செய்த சர்ஜன் கழுத்தையும் தழும்பையும் பார்ப்பார். வருஷக்கணக்கான மாத்திரைக் கணக்குக்கு ஹார்மோன் டாக்டரோ, அதில் அக்கறை உள்ள உள்ளூர் பொது மருத்துவரோதான் சரி.

ரிப்போர்ட்டைப் பக்கத்து வீட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சாதாரணக் கட்டிக்காக எடுத்தவருக்கு டிஎஸ்எச் ஏறக்குறைய 0.4-லிருந்து 4 வரை இருக்கலாம். புற்றுநோய்க்காக எடுத்தவருக்கு, திரும்ப வருகிற அபாயம் அதிகம் என்றால் 0.1-க்கும் கீழே வேண்டுமென்றே இறக்கி வைப்பார்கள். அபாயம் குறைவு என்றால் 0.5-க்கும் 2-க்கும் நடுவில் போதும். ஒருத்தருக்குச் சரியான எண் இன்னொருத்தருக்கு ஓவர்டோஸ். அவசியமில்லாமல் ரொம்பக் கீழே இறங்கிக் கிடந்தால் நெஞ்சுப் படபடப்பும் எலும்புத் தேய்மானமும் வரும், வயது ஏற ஏற அது கூடும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கிறவர்கள் நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் தேவை கிட்டத்தட்ட கால் பங்குக்கு மேல் கூடும், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

டெஸ்ட்டுக்குப் போகும்போது ரெண்டு காரியம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரெண்டு நாள் முன்னாலாவது நிறுத்துங்கள். அது சில லேப் முறைகளில் டிஎஸ்எச்-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும், அதைப் பார்த்து டாக்டர் நல்ல அளவைக் குறைத்துவிடுவார். அன்றைக்கு மாத்திரையைப் போடாமல் பையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்து முடிந்ததும் தண்ணீரில் போட்டுக்கொள்ளுங்கள். லேப் வாசலிலேயே பேக்கரி இருக்கும், பன்னும் டீயும் கூப்பிடும். ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள்.